விலை உயர்ந்த ஒயிலும் செம்பாட்டு மண்ணும்

ஸ்காபரோவில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். எண்பதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரே பத்திரிகை அலுவலகத்தில் எதிரெதிர் மேசைகளில் இருந்தவர்கள் நாங்கள். அவர் ஒப்புநோக்காளர். என்னுடைய பிழைகளைத் திருத்தியே கண்பார்வை போனது என்று இன்றைக்கும் குறை சொல்பவர்.

"நீ என்ஜின் ஒயிலைக் கொண்டுபோய் லபோரட்டரியில குடுத்துச் சோதிச்சனியாமே? எனக்கு ஒரு முடிவு சொல்லு. விலை கூடின ஒயில் பிரயோசனமோ, சும்மா எங்கட காசைப் பிடுங்கிற வேலையோ?"

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் முடிக்கமுடியவில்லை. தொலைபேசி அட்டையில் நிமிடங்களை எண்ணிக்கொண்டு பேசிய காலம் போய்விட்டதால் முக்கால் மணிநேரம் பேசினோம். அவருக்குச் சொன்னதையும், வெட்கம் காரணமாக அவருக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

2016 இல் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஊழியர் சேமலாப நிதியின் பெரும்பகுதியைக் கொடுத்து ஒரு பழைய ரொயோட்டா கொறோலா வாங்கினேன். 2003 ஆம் ஆண்டுத் தயாரிப்பு, 1500 சீசீ. முப்பத்தைந்து வருடங்கள் அலுவலக வாகனத்தின் பின் ஆசனத்தில் இருந்து செய்தி தேடிப்போன எனக்கு, சொந்தக் கார் என்பது அறுபது வயதில் கிடைத்த விளையாட்டுப் பொருள். ஆனால் அது விளையாட்டாக நீடிக்கவில்லை. மனைவிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு கண்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உரும்பிராயில் இருந்து கொழும்புக்குப் போய்ப் பழகிய வைத்தியரையே பார்க்கவேண்டும் என்பது அவளது பிடிவாதம். பஸ்ஸில் எட்டு, ஒன்பது மணிநேரம் இருக்க அவளால் முடியாது. ஆக, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஏ9 வீதிப் பயணத்துக்கு அந்த என்ஜின்தான் எங்களுக்குத் துணை.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு அந்தத் தடை நீங்க 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் பழைய கார் வைத்திருந்தவர்களின் மனநிலை வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விளங்காது. இந்த என்ஜின் போனால் இன்னொன்று இல்லை. இருந்தாலும் வாங்கப் பணம் இல்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது ஒயிலின் விலையும் ஏறியது. நான் வாங்கிவந்த நான்கு லீற்றர் கலன் 25,000 ரூபாவைத் தாண்டியது. அதையும் வாங்கினேன். மருந்து வாங்குவதைப் போல வாங்கினேன் என்றே சொல்லவேண்டும்.

காரணம் இருந்தது. 2019 இன் கடைசியில் இருந்தே ஒயில் குறைந்துகொண்டு வந்தது. முதலில் 5000 கிலோமீற்றருக்கு அரை லீற்றர், பிறகு ஒரு லீற்றர். கடைக்காரர் ஒருவர் முழுச் செயற்கை ஒயிலைக் காட்டி, "ஐயா, இதைவிட மருந்து இல்லை" என்றார். அதை ஊற்றினேன். குறைவது நிற்கவில்லை. அதைவிட விலை கூடியதை ஊற்றினேன். அதோடு சேர்த்து ஊற்றுவதற்கென்று ஒரு சிறிய போத்தலும் வாங்கினேன். அந்தப் போத்தலில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

எங்கள் ஊர் கராஜ்காரத் தம்பி அப்போதே சொன்னார். "ஐயா, ஒயிலை மாத்தி மாத்தி ஊத்திறதை விட்டிட்டு, ஒருநாள் வாகனத்தை என்னட்டை விடுங்கோ, ஆறுதலாப் பாப்பம்." நான் விடவில்லை. என்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரு பெரிய கணக்கை நீட்டுவார் என்று நினைத்தேன். இதுதான் நண்பருக்குச் சொல்லாமல் விட்ட விடயம். கடைக்காரரின் சொல்லை நம்பினேன்; மூன்று வருடங்களாக ஒரு சதமும் கூடுதலாக வாங்காத மனிதரைச் சந்தேகித்தேன்.

அவருடைய தந்தையை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதுதான் இதில் இன்னும் உறுத்தலானது. 1990 இல் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது நின்றது. ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. சிறிய பிளாஸ்ரிக் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் பீச்சி என்ஜினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நாங்கள் கோடு போட்ட கொப்பித்தாளில் எல்லாம் பத்திரிகை அச்சடித்தோம். அச்சு இயந்திரத்தை ஓட்டிய ஜெனரேற்றரைப் பார்த்துக்கொண்டவர் அந்தப் பெரியவர்.

மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாத மிச்சம் சிலிண்டரின் சுவர் வழியே வழிந்து கீழே ஒயிலுடன் சேரும். ஒயில் நீர்த்துப்போகும். அளவுக் கம்பியில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடும். அனுபவம் இல்லாதவன் ஒயில் நிறைய இருக்கிறது என்று மகிழ்ந்துகொள்வான். சில நாட்களில் பேரிங் கடித்து என்ஜின் நின்றுவிடும். பெரியவர் கம்பியை இழுத்து முதலில் மணந்து பார்ப்பார். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் தேய்ப்பார். கடைசியாக, எங்கள் பத்திரிகையின் அச்சுப் படாத ஓரத்தைக் கிழித்து அதில் ஒரு துளி விட்டு, விடியும் வரை வைத்துவிடுவார். காலையில் அந்தத் தாளில் ஒரு கதை இருக்கும். நடுவில் கருமை ஒரே கட்டியாக நின்றால், அழுக்கைச் சுமக்கும் சக்தியை ஒயில் இழந்துவிட்டது. கருமை மெல்ல மெல்லப் பரவி இருந்தால், இன்னும் சில நாட்கள் ஓடலாம். வெளியே அகன்று வெளிறிய வளையம் விழுந்தால் மண்ணெண்ணெய் கலந்துவிட்டது. அக்காலத்தில் ஒயில் தங்கத்தைப் போல அரிது. எப்போது மாற்றுவது என்ற முடிவு அந்த வளையத்தில்தான் இருந்தது. ஒயில் என்ன கம்பனி என்று அவர் ஒருநாளும் கேட்டது இல்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது. பலமுறை வடித்து, துணியில் அரித்து, மீண்டும் ஊற்றிய ஒயில் அது.

2014 இல் அவர் காலமானார்.

நிற்க. 2022 ஒக்டோபரில் கொழும்பில் இருந்து திரும்பும்போது புளியங்குளத்தைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. இரவு பத்து மணி இருக்கும். கம்பியை இழுத்துப் பார்த்தேன். நுனியில் கூட ஈரம் இல்லை. பின் ஆசனத்தில் மனைவி படுத்திருந்தாள். கையில் மேலதிக ஒயில் இல்லை. நாற்பது நிமிடங்களுக்குப் பின்னர் நின்ற ஒரு லொறிச் சாரதி, தன் வாகனத்துக்கென்று வைத்திருந்த சாதாரண டீசல் என்ஜின் ஒயிலில் ஒன்றரை லீற்றர் அளவை தண்ணீர்ப் போத்தலில் ஊற்றித் தந்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார். 25,000 ரூபா ஒயில் இருக்கவேண்டிய இடத்தில் அந்த மலிவு ஒயில்தான் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தது.

கப்பலில் பொறியியலாளராக இருக்கும் மருமகனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். கப்பல் என்ஜின்களில் குறித்த காலத்துக்கு ஒருமுறை பாவித்த ஒயிலை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது வழமை என்றும், ஒயிலைப் பார்த்தால் என்ஜினுக்குள் எது தேய்கிறது என்று தெரிந்துவிடும் என்றும் விளக்கினார். இது புதிய விடயமும் அல்ல. அமெரிக்காவில் டென்வர் அன்ட் ரியோ கிராண்டே ரயில்வே 1946 இலேயே தனது டீசல் இயந்திரங்களின் ஒயிலில் உள்ள உலோகங்களை அளந்து, கோளாறுகளை முன்கூட்டியே கண்டுபிடித்தது. ஐம்பதுகளில் அமெரிக்கக் கடற்படையும் அதைப் பின்பற்றியது.

அவர் சொன்னபடியே புதிய ஒயில் ஊற்றி 4800 கிலோமீற்றர் ஓடிய பிறகு, என்ஜின் சூடாக இருக்கும்போது வடித்து, முதலில் வரும் அழுக்கை விட்டு நடு ஓட்டத்தில் ஒரு சுத்தமான போத்தலில் பிடித்தேன். கொழும்பில் உள்ள ஆய்வுகூடம் ஒன்றில் மருமகனே கொண்டுபோய்க் கொடுத்தார். சூரியனின் மேற்பரப்பை ஒத்த வெப்பமுள்ள ஆகன் வாயுச் சுடருக்குள் ஒயிலைச் செலுத்துவார்களாம். ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். அந்த ஒளியை அளந்து எது எவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்.

அறிக்கை ஒரு பக்கம்தான். வாசித்தபோது எனக்கு முதலில் பெருமைதான் வந்தது. ஒயில் நன்றாகவே இருந்தது. பிசுக்குமை, அதாவது அதன் தடிப்பு, இருக்கவேண்டிய எல்லைக்குள் நின்றது. அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை பாதிக்குச் சற்று மேல் எஞ்சியிருந்தது. பெற்றோல் கலக்கவில்லை. குளிர்நீர் கசிந்தால் கூடும் சோடியமும் பொட்டாசியமும் இல்லை. தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்கும் நாகமும் பொசுபரசும் குறைவின்றி இருந்தன. விளம்பரத்தில் சொன்னபடி எல்லாம் சரி.

அதற்குக் கீழே மற்ற எண்கள். பத்து இலட்சத்தில் இரும்பு 71 பங்கு. அலுமினியம் 19. குரோமியம் 6. சிலிக்கன் 64. அதன் எதிரே ஒரு நட்சத்திரக் குறி.

ஆய்வுகூடத்தில் பணியாற்றும் இளம் பெண் ஒருவர் தொலைபேசியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி ஒயிலைப் பற்றியது அல்ல. "இந்த வாகனம் எந்தப் பகுதியில் ஓடுகிறது?" உரும்பிராய் என்றேன். மண் எப்படி என்றார். செம்பாட்டு மண் என்றேன். வலிகாமத்துப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடையைச் சிவப்பாக்கும் மண். எங்கள் ஒழுங்கையில் கார் போனால் பின்னால் எழும்பி நிற்கும் புழுதி. அவர் பொறுமையாக விளக்கினார். இரும்பு சிலிண்டரின் உட்சுவரில் இருந்து வருகிறது, அலுமினியம் பிஸ்ரனில் இருந்து, குரோமியம் அதன் வளையங்களில் இருந்து. இவை மூன்றும் சிலிக்கனோடு சேர்ந்து உயர்ந்தால் வெளிப் புழுதி உள்ளே போகிறது என்று சந்தேகிக்க வேண்டும். சிலிக்கன் மட்டும் தனியே உயர்ந்திருந்தால் அது கஸ்கட் ஒட்டும் பசையில் இருந்தும் வந்திருக்கலாம். இங்கே அப்படி இல்லை. இடையில் நான் ஊற்றிய புது ஒயில் இந்த எண்களை நீர்த்துப்போகச் செய்திருக்கும் என்பதால், உண்மை நிலை இதைவிட மோசமாகவே இருக்கும்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனேன். தம்பி அதை ஒரு நிமிடம் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு பொனற்றைத் திறந்தார். எயார் பில்டருக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள இறப்பர் குழாயின் ஒரு பக்கக் கிளிப் கழன்று தொங்கியது. குழாயைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் துடைத்துக் காட்டினார். விரல் சிவந்திருந்தது. பில்டரைத் தாண்டிய பிறகு, ஒரு துகள் புழுதியும் இருக்கக்கூடாத இடத்தில், செம்பாட்டு மண். 2019 இல் வேறொரு இடத்தில் பில்டர் மாற்றியபோது அந்தக் கிளிப்பை இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அதை நான் திறக்கவிடவில்லை. புதிய கிளிப்பின் விலை 150 ரூபா. ஐந்து நிமிட வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார். "ஐயா, இதைத்தான் பாக்கவேணும் எண்டு அண்டைக்குக் கேட்டனான்" என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மூன்று வருடங்கள் நான் உலகத்தின் சிறந்த ஒயிலில் மண்ணைக் கரைத்து என்ஜினைத் தேய்த்திருக்கிறேன். எந்த ஒயிலும் அதைத் தடுத்திருக்காது.

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஒயில் பரிசோதனை என்ஜினைப் பற்றிச் சொல்கிறது. எந்த ஒயில் சிறந்தது என்று சொல்வது அதன் வேலை அல்ல. இரண்டு பேர் தங்கள் அறிக்கைகளை அருகருகே வைத்து, உனக்கு இரும்பு 20, எனக்கு 12, ஆகவே எனது ஒயில் உயர்ந்தது என்று வாதிடுவதில் அர்த்தம் இல்லை. வேறு என்ஜின், வேறு பாதை, வேறு சாரதி. இந்தக் கருவி ஏறத்தாழ ஐந்து மைக்ரோனுக்கு மேற்பட்ட துகள்களைச் சரியாகக் காண்பதும் இல்லை. ஒரு பேரிங் செதில் செதிலாக உடைந்துகொண்டிருந்தாலும் அறிக்கை அமைதியாக இருக்கக்கூடும். பத்திரிகையில் ஒரே ஒருவரின் வாக்குமூலத்தை வைத்துத் தலைப்புப் போட்டால் ஆசிரியர் தாளைக் கிழித்து எறிவார். அதே என்ஜினின் மூன்று, நான்கு அறிக்கைகள் வரிசையாக இருந்தால்தான் செய்தி.

ஒயில்களை நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால் என்ஜினைத் திறந்து அளக்கவேண்டும். அதை ஒருமுறை செய்தும் பார்த்தார்கள். கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சஞ்சிகை நியூயோர்க்கில் 75 வாடகைக் கார்களுக்குப் புதுப்பித்த என்ஜின்களைப் பொருத்தி, வெவ்வேறு ஒயில்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல் ஓடவிட்டு, பின்னர் பிரித்து, தேய்மானத்தை அளந்து, 1996 இல் முடிவை வெளியிட்டது. ஒயில்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 3000 மைலில் மாற்றியதற்கும் 6000 மைலில் மாற்றியதற்கும் வேறுபாடு இல்லை. இதைக் கேட்டதும் நண்பர் துள்ளிக் குதித்தார். ஆனால் அந்தச் சோதனையில் ஒரு மறைவான விடயம் உண்டு. வாடகைக் கார் இரவு பகலாக ஓடுவது. என்ஜின் ஆறுவதே இல்லை. என்ஜினுக்குக் கடினமான நேரம் குளிரில் இருந்து கிளம்பும் முதல் நிமிடங்கள். கோவிலுக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் காருக்கு அந்த முடிவு அப்படியே பொருந்தாது.

மறுபக்கமும் உண்டு. 2017 இல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் ஆய்வுகூடச் சோதனைகளில் செயற்கை ஒயில்கள் சாதாரண ஒயில்களைவிடச் சராசரியாக 47 வீதம் சிறப்பாகச் செயற்பட்டன என்று கண்டது. சூட்டில் கெட்டுப்போகாமை, கடும் குளிரிலும் ஓடும் தன்மை, ஆவியாகிக் குறையாமை என்பவற்றை அளந்தார்கள். இதையும் நான் நம்புகிறேன். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. சிறந்த ஒயில் சிறந்ததுதான். அந்தச் சிறப்பு உன்னுடைய என்ஜினுக்குத் தேவைப்படுகிறதா என்பதே வேறு கேள்வி. ஸ்காபரோவில் ஜனவரி மாதம் சைபருக்குக் கீழே 20 பாகையில் வாகனத்தைக் கிளப்புபவருக்குத் தேவை. ரேர்போ உள்ள என்ஜினுக்குத் தேவை. ஒயிலை நீண்டகாலம் மாற்றாமல் ஓட விரும்புபவருக்குத் தேவை. நண்பரின் காருக்குக் கைநூல் 0டபிள்யூ-16 என்று சொல்கிறது. அவ்வளவு மெல்லிய ஒயில் ஏறக்குறைய எல்லாமே செயற்கைதான், அவருக்குத் தெரிவே இல்லை. யாழ்ப்பாணத்து வெயிலில் 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றும் என் பழைய கொறோலாவுக்கு, கைநூல் சொல்லும் 5டபிள்யூ-30 தரமும் கலனில் ஏ.பி.ஐ. முத்திரையும் இருந்தால் போதும். கலன் உண்மையானதாகவும் இருக்கவேண்டும். இங்கே வெறுங்கலன்களை வாங்கி வடித்த ஒயிலை நிரப்பி விற்பவர்கள் இருக்கிறார்கள். நான் வெறுங்கலனில் ஆணியால் ஐந்தாறு துளை போட்டுவிட்டுத்தான் எறிவது.

கிளிப் மாற்றிய பின்னர் அதே விலை உயர்ந்த ஒயிலில் 5000 கிலோமீற்றர் ஓடி இரண்டாவது மாதிரியை அனுப்பினேன். இரும்பு 22, சிலிக்கன் 15. அடுத்த முறை பாதி விலை ஒயில். இரும்பு 20, சிலிக்கன் 14. இரண்டு புள்ளி குறைந்ததை வைத்து மலிவு ஒயில் சிறந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அவை இரண்டும் ஒரே எண்தான்.

தேய்ந்த சிலிண்டர் மீண்டும் வளராது. இப்போதும் 1500 கிலோமீற்றருக்குக் கால் லீற்றர் அளவில் குறைகிறது. கொழும்புப் பயணத்துக்கு முதல்நாள் கராஜ்காரத் தம்பி வந்து குழாயையும் கிளிப்பையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். லொறிச் சாரதி தந்த தண்ணீர்ப் போத்தலை நான் எறியவில்லை. அதில் ஒரு லீற்றர் ஒயில் நிரப்பி, மனைவியின் மருந்துப் பைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். மணக்கிறது என்று அவள் ஒவ்வொரு முறையும் ஏசுகிறாள்.